இரும்பென்று நினைத்தேன்

என் வண்டி வருவதை, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில், யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. காதால்தான். திருப்பத்தில் நான் பிரேக்கில் கால் வைத்ததும் 'கீ...ச்' என்று ஒரு சத்தம் எழும். முனையில் கோலி ஆடும் பையன்கள் "தக்காளி மாமா வந்துட்டாரு" என்று ஓரமாக ஒதுங்குவார்கள். மூன்று வாரம் இப்படி நடந்தது. மூன்று வாரமும் நீ என்ன செய்தாய் என்று கேட்டால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பிரேக் பேடில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேடு தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்த ஆரம்பிக்கும். கத்துவதற்காகவே வைத்தது. அந்த வண்டியில் பொறுப்போடு வேலை பார்த்துக்கொண்டிருந்தது அந்த நாக்கு ஒன்றுதான். ஓட்டுகிறவனையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வண்டி பழைய பிக்கப். லாரி என்று சொன்னால் பெரிய லாரிக்காரர்கள் டீக்கடையிலேயே சிரிப்பார்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வி.கோட்டா பக்கம் தக்காளி ஏற்றி, பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கி, பேரணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போய் இறக்குவேன். கர்நாடகத்தில் காப்பி, ஆந்திராவில் லோடு, தமிழ்நாட்டில் டிபன். அந்த இறக்கத்தில் ஒருநாள் கருகல் வாசனை வந்தது. பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைகள் உண்டு. அந்த வாசனைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலை உச்சிக்குத் தோல் வாசனை எப்படி ஏறி வரும் என்று கேட்க வண்டியில் வேறு ஆள் இல்லை.

பேடை நானே மாற்றுவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் காசு என்று மனைவியிடம் சொன்னேன். பொய். காரணம் திமிர்.

கோலார் தங்கவயல்காரனுக்கு இரும்பு, மெஷின் என்றால் ஒரு திமிர் உண்டு. 1902 ஜூன் 30 அன்று சிவனசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து எங்கள் தங்கச் சுரங்கத்துக்குக் கரண்ட் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் கரண்ட் விளக்கு எரிந்தது 1905ல். மூன்று வருஷம் நாங்கள் முன்னால். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1964ல் பெமல் தொழிற்சாலை வந்தது. புல்டோசரே இங்கே செய்கிறார்கள். இதையெல்லாம் நான்தான் செய்தேன் என்பதுபோல வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. சினிமா வந்த பிறகு கேட்கவே வேண்டாம். குடியாத்தம் மண்டியில் என்னை 'கே.ஜி.எஃப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

தாத்தா வடாற்காட்டிலிருந்து ஒரு மூட்டையோடு வந்து சுரங்கத்தில் இறங்கியவர். நைனா பேங்க்ஸ்மேன். குழிவாயில் நின்று, கூண்டில் ஆளை ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடித்து அனுப்புகிற வேலை. 2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கத்தை மூடும்வரை செய்தார். நான்? பி.காம். அந்த ஒரு விவரத்தை மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போனில் ஒரு வெள்ளைக்காரர் ஏழே நிமிடத்தில் பேடு மாற்றிக் காட்டினார். கடைசிவரை அவர் கையுறையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நைனா திண்ணைப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேப்பர் கையில் இருந்தது. பேப்பர் பார்க்கவில்லை.

முதல் தோல்வி ஐந்தாவது நிமிடத்தில் வந்தது. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, அப்புறம் வீல் ஸ்பேனரை மாட்டினேன். நட்டு கழலவில்லை, சக்கரம் சுற்றியது. நான் எம்பி மிதிக்க மிதிக்க ராட்டினம் மாதிரி சுற்றியது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தவேண்டும் என்பது கோலி ஆடும் பையன்களுக்கே தெரிந்திருந்தது. அதில் ஒருவன் வந்து சொல்லியும் விட்டான். "தெரியும்டா, சும்மா செக் பண்ணேன்" என்றேன்.

சக்கரம் கழன்றதும் உள்ளே கறுப்புப் பொடி அப்பியிருந்தது. குனிந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு ஊது ஊதினேன். பொடி முழுக்க என் முகத்துக்கே திரும்பியது. கண்ணைத் திறக்குமுன் நைனாவின் குரல் கேட்டது. அன்று காலை அவர் பேசிய முதல் பேச்சு.

"ஊதாதடா. தண்ணி ஊத்து."

அவர் சிரித்துச் சொல்லவில்லை. கல்லைக் காய்ந்தபடியே துளை போட்ட காலத்தில் பறந்த பொடியைத் தின்றவர்கள் எங்கள் லைனில் ஒவ்வொரு வரிசையிலும் இருந்தார்கள். துளைக்கும்போது தண்ணீர் விடுகிற பழக்கம் அப்புறம் வந்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது எங்கள் சுரங்கத்தில்தான். ஊர்ப் பெருமையில் நான் குடியாத்தம் மண்டியில் சொல்லாமல் விடுகிற வரி இது. பேடுத் தூசியும் லேசுப்பட்டதில்லை. முன்பெல்லாம் பேடில் கல்நார் கலப்பார்கள். இப்போது பலதில் இல்லை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தூசியில் எழுதியிருக்காது. மக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினேன். நைனா பேப்பருக்குத் திரும்பினார்.

இனி காலிப்பர். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கை அது. உள்ளே ஒரு பிஸ்டன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேடு டிஸ்க்கைப் பிடிக்கும். பேடு தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். பழைய பேடு பிஸ்கோத்து அளவுக்கு மெலிந்திருந்தது. புதுசு கடலைமிட்டாய் கனம். புதுப் பேடு உள்ளே போக வேண்டுமானால் வெளியே வந்திருக்கிற பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளவேண்டும். மொத்த வேலையின் சூட்சுமமும் இங்கேதான். வெள்ளைக்காரர் இந்த இடத்தில் ஒரு கிளாம்ப்பை மாட்டி இரண்டு திருகு திருகினார்; பிஸ்டன் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது.

அடுத்த வரிசையில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் கிளாம்ப் வாங்கிவந்தேன். "எதுக்குப்பா?" என்றார். "இரும்பு வேலைண்ணா" என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

இதற்கிடையில் செய்த இரண்டு சில்லறைத் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். காலிப்பரைக் கழற்றி அதன் ரப்பர் ஹோஸிலேயே தொங்கவிட்டேன், கசாப்புக் கடையில் ஈரல் தொங்குவது மாதிரி. ஹோஸ் கனம் தாங்காது; ஒரு கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்க வேண்டும். அடுத்தது, பிஸ்டன் சுலபமாக வழுக்கிப் போகட்டும் என்று அதன் விளிம்பைச் சுற்றிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸை அப்பினேன். தாராளமாக. கல்யாண வீட்டில் சந்தனம் தடவுவது மாதிரி. இதன் பலன் பட்டறை மேஸ்திரி வந்த பிறகு தெரியும்.

கிளாம்ப்பின் ஒரு முனை காலிப்பரின் முதுகில். இன்னொரு முனை பிஸ்டனில். பிஸ்டன் கிண்ணம் மாதிரி உள்ளே குழிவானது. கிளாம்ப்பின் பாதம் சின்னது. நடுவில் உட்காராமல் விளிம்பில் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. பழைய பேடையோ ஒரு மரத்துண்டையோ குறுக்கே வைத்துத் தள்ளவேண்டும் என்று தெரியாது. திருகினேன். அசையவில்லை. இன்னும் திருகினேன். அசையவில்லை. இந்த இடத்தில் ஒரு பி.காம் பட்டதாரி யோசிக்கவேண்டும். தங்கவயல்காரன் பைப் தேடப் போனான். ஜாக்கி பைப்பைக் கிளாம்ப்பின் கைப்பிடியில் சொருகி, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு.

'டக்.'

பிஸ்டன் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். போயிருந்தது உண்மைதான். உள்ளே இல்லை. விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து என் செருப்புக்கிட்டே கிடந்தது.

இரும்பு இப்படிப் பெயராது. இரும்பு நசுங்கும், வளையும், தேயும். எடுத்துப் பார்த்தேன். கனமே இல்லை. மங்கின பழுப்பு. உடைந்த இடம் தேங்காய் ஓட்டின் ஓரம் மாதிரி சொரசொரவென்று. மூக்கில் வைத்தால் பழைய சுவிட்ச் கருகின வாசனை, லேசாக. சட்டென்று பிடிபட்டது. எங்கள் லைன் வீட்டில் நான் பிறக்கும் முன்பே மாட்டியிருந்த கறுப்புக் குமிழ் சுவிட்ச். ஹோல்டர். பேக்லைட்!

பேக்லைட்டேதான் என்று சொல்ல முடியாது, அதன் வம்சம். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்கா போன லியோ பேக்லாண்ட் என்பவர் 1907ல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த பிசின் அது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. இன்னும் சில சரக்கைச் சேர்த்து அச்சில் அழுத்தி பிரேக் பிஸ்டனே செய்கிறார்கள். அமெரிக்கக் கார்களில் 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நான் வாங்குவதற்கு முன்பு யாரோ ஒரு புண்ணியவான் என் வண்டியில் அந்த மாதிரிப் பிஸ்டன் போட்டிருக்கிறார்.

ஏன் போய் இதைப் போடவேண்டும் என்று அன்று திட்டினேன். அப்புறம் விசாரித்ததில் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேடு கொதிக்கும். இரும்புப் பிஸ்டன் அந்தச் சூட்டை அப்படியே உள்ளே கடத்தி ஆயிலுக்குக் கொடுத்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற ஜாதி. டாட் 3 ஆயில் புதுசில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும் என்பது கணக்கு. ஈரம் குடித்துவிட்டால் 140 டிகிரி தாங்கினால் போதும் என்று கணக்கே இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. பிசின் பிஸ்டன் சூட்டைக் கடத்தாது. துருவும் பிடிக்காது. பத்தலப்பல்லி இறக்கத்தில் மூன்று வாரம் நாக்கு கத்தக் கத்த இறங்கியவனை ஆயில் கொதிக்காமல் காப்பாற்றியதில் அந்தப் பழுப்புப் பிஸ்டனுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதன் ஒரே குறை, பக்கவாட்டில் இடித்தால் தாங்காது. ஆசாரி கிளாம்ப்பும் ஜாக்கி பைப்பும் சேர்ந்து வரும் என்று பேக்லாண்ட் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இப்போது யோக்கியன் என்ன செய்வான்? மேஸ்திரிக்குப் போன் போடுவான். நான் பெட்டிக்கடைக்குப் போய், இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுவார்களே, அந்தப் பசையை வாங்கிவந்தேன். தண்ணீர்த் தொட்டி ஓட்டை அடைக்கிற பசை. உடைந்த சில்லை இடத்தில் பொருத்தி, பசையைத் தடவி, ஈரவிரலால் நீவி, பிள்ளையார் பிடிக்கிற பக்தியோடு மெழுகினேன். தள்ளி நின்று பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. தள்ளி நின்று பார்க்கிற இடத்தில் பிரேக் வேலை செய்வதில்லை என்பதுதான் கஷ்டம்.

அதற்குள் பானட் பக்கம் வேறொரு கூத்து. என் இழுப்பில் பிஸ்டன் உடைந்ததோடு கொஞ்சம் உள்ளேயும் போயிருந்தது போலிருக்கிறது; அந்த அளவு ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பி, டப்பா ஏற்கெனவே நிறைந்திருந்ததால் வழிந்தது. துணியால் துடைத்தேன். துடைத்த துணியை நிதானமாகப் பானட் மேலேயே வைத்தேன். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். அரை மணி கழித்துத் துணியை எடுத்தபோது பெயின்ட் தோலுரிந்த வெங்காயமாகக் கையோடு வந்தது. வண்டி வாங்கியபோது ஆசையாக எழுதிவைத்திருந்த 'நைனா துணை'யில் 'நைனா' போய்விட்டது. 'துணை' மட்டும் பாக்கி. ஒரிஜினல் நைனா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மேஸ்திரியை நான் கூப்பிடவில்லை. என் மனைவி கூப்பிட்டாள்.

ராபர்ட்சன்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர். பெரிய லாரி வேலைதான் அவருக்குப் பிழைப்பு. ஞாயிறும் பார்க்காமல் மொபெட்டில் வந்தார். குந்தி உட்கார்ந்து காலிப்பரை ஒரு நிமிடம் பார்த்தார், இறந்த வீட்டில் முகம் பார்ப்பது மாதிரி. பசை போட்ட இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது இன்னா?"

"சும்மா... ஒரு சப்போர்ட்டுக்கு."

"யாரு தள்னது இத்த?"

"நான்தான்ணா. இரும்புன்னு நெனச்சேன்."

"இரும்புன்னாலும் இப்டி தள்ளுவாங்களா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பிஸ்டனை வெளியே எடுக்கவேண்டும் என்றார். கொறடு போட்டு இழுக்கவா என்று ஆர்வமாக எழுந்தேன். "நீ சீட்ல போய் உக்காரு" என்றார். காலிப்பரின் வாயில் பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்தார். "மெதுவா பெடல மிதி. மெதுவா." மிதித்தேன். ஆயிலே பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து, 'பொளக்' என்று கட்டையில் சாய்த்தது. பட்டறையில் காற்று வைத்துத் தள்ளும்போது கட்டை வைக்காமல் விரல் வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தன் இடதுகை ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனி கொஞ்சம் தட்டையாக இருந்தது. எனக்கு அந்த விரலைப் பார்த்ததில் ஓர் அற்ப ஆறுதல்.

பிஸ்டனைச் சுற்றி உள்ளே ஒரு ரப்பர் வளையம், சதுர வெட்டில். அதை விரலில் சுற்றி என் கண் முன்னால் பிடித்தார். குலாப்ஜாமூன் மாதிரி ஊறி உப்பியிருந்தது.

"கிரீஸ் வச்சியா?"

வைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். எதையும் மறைக்க முடியாது, அவர் போலீசில் இருந்திருக்கவேண்டும். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடுமாம். அந்த வளையம் செய்கிற வேலை அப்புறம்தான் புரிந்தது. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாக முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் முறுக்கு விட்டு, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது அந்த மயிரிழையில்தான். வேறு ஸ்பிரிங் எதுவும் பிஸ்டனை இழுப்பதில்லை. ஒரு மோதிரம் அளவு ரப்பர். அதைத்தான் நான் கிரீஸில் ஊறப்போட்டேன்.

இருவரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். அங்கே பிஸ்டன் இரண்டு விதமாகவும் இருந்தது. இரும்பு, பிசின். எது நல்லது என்று கேட்டேன். மேஸ்திரி இரண்டையும் திட்டினார். இரும்புப் பிஸ்டனில் மேல்பூச்சு போனால் துரு புள்ளி புள்ளியாக ஏறும். அந்தப் புள்ளி சீலை அறுத்து ஆயில் கசியும். தூசி மறைக்கிற ரப்பர் கிழிந்தால் சீக்கிரமே. எங்கள் ஊரில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலையிலிருந்து வெயில் காலத்தில் காற்றடித்தால் வெள்ளைப் பொடி சமையலறை வரைக்கும் வரும், பிஸ்டனை விடுமா? பிசின் பிஸ்டன் துருப்பிடிக்காது, ஆனால் நாளாவட்டத்தில் லேசாகப் பருத்து உள்ளேயே இறுகிக்கொள்வதும் உண்டு. முரட்டுக் கையில் உடையும். இவ்வளவும் சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார்.

"உனக்கு இரும்புதான்."

கடைக்காரர் சிரித்தார். பில் போட்ட பையனும் சிரித்தான்.

மேஸ்திரி இடது பக்கத்தை முடித்தார். புதுப் பிஸ்டனைப் பிரேக் ஆயிலிலேயே நனைத்து, விரலால் நேராக வைத்து, கட்டைவிரல் இரண்டாலும் அமுக்கினார். காலிப்பரின் நிப்பிளைத் திறந்து ஒரு டியூபைச் சொருகி பாட்டிலில் விட்டிருந்தார். பிஸ்டன் இறங்க இறங்கப் பழைய ஆயில் பாட்டிலுக்கு வந்தது. மேலே டப்பாவுக்குப் போகவில்லை. பைப் இல்லை, கிளாம்ப் இல்லை, மூச்சுப் பிடிப்பு இல்லை. ஏர் எடுத்தார், 'மிதி, பிடி, விடு' என்று அவர் சொல்ல, நான் பெடலில். இருட்டிவிட்டது. "வலது பக்கம் காலைல வந்து போட்றேன். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னு ஓட்டாத, இஸ்துக்கும்" என்று போய்விட்டார்.

காலையில் அவர் வருவதற்குள் நானே முடித்துவிட்டேன். ஆமாம். இவ்வளவுக்கும் பிறகு.

ஆனால் இந்தமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நன்றாகச் செய்தேன். நட்டைத் தரையில் தளர்த்தினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் பழைய பழுப்புப் பிஸ்டன்தான். பழைய பேடை அதன் முகத்தில் முழுசாக வைத்து, நிப்பிளைத் திறந்து, இரண்டு கட்டைவிரலையும் வைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பைப் ஞாபகம் வந்தது. விரட்டினேன். எண்ணிக்கொண்டே அமுக்கினேன். இருபதோ முப்பதோ எண்ணும்போது விரலுக்கடியில் ஏதோ இளகியது. குழந்தை தூக்கத்தில் பிடியை விடுவதுபோல. நூலிழை, நூலிழையாக உள்ளே போனது. டியூபில் கறுத்த ஆயில் நகர்வதைப் பார்த்தேன். விளிம்பைத் தடவினேன். ஒரு கீறல் இல்லை. நிப்பிளை மூடினேன். புதுப் பேடு கச்சிதமாக உட்கார்ந்தது. நைனா பக்கம் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலையை லேசாக அசைத்தார் என்று நம்புகிறேன். கொசுவாகவும் இருந்திருக்கலாம்.

அந்தச் சந்தோஷத்தில் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டேன். லைன் வாசலிலிருந்து பின்னால் வந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் வழியில் எதையும் சந்திக்காமல் தரைவரைக்கும் போனது.

பிஸ்டனை உள்ளே தள்ளினால் பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்துவதற்கு முன்பு, நின்ற இடத்திலேயே, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு தடவை மிதித்து அந்த இடைவெளியை மூடவேண்டும். வெள்ளைக்காரர் இதைக் கடைசி நிமிடத்தில் சொன்னார் போலிருக்கிறது. நான் ஆறாவது நிமிடத்தில் வீடியோவை அணைத்திருந்தேன். பின் சக்கர டிரம் ஏதோ கொஞ்சம் பிடித்தது. அதனால் போனது சுவரோடு போயிற்று. ஹேண்ட்பிரேக் என்று ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கை ஹாரனுக்குப் போனது. சுவரைப் பார்த்து ஹாரன் அடித்தவன் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புழுதி அடங்கியதும் நைனா எழுந்து வந்தார். இடிந்த சுவரைப் பார்த்தார். ஆடு ஒன்று அதற்குள் அந்த வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. அதையும் பார்த்தார். என்னிடம் கேட்டார்:

"பெல் அடிச்சியா?"

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தால் போதும் என்பதுபோல் நின்றார். அப்புறம்தான் விளக்கினார். கூண்டில் ஆள் ஏறியதும் கதவைச் சாத்திப் பார்த்து, தாழைத் தொட்டுப் பார்த்து, மூன்று மணி அடித்து ஆள் இருக்கிறது என்று எஞ்சின் ரூமுக்குச் சொல்லி, அங்கிருந்து பதில் மணி வந்த பிறகுதான் அடுத்த மணி. ஓடும்போது ஒரே ஒரு மணி அடித்தால் நிறுத்து என்று பொருள். பதில் மணி வராமல் கூண்டு ஓர் அங்குலம் அசையக்கூடாது. இறக்குகிற அந்த எஞ்சினின் பிரேக்கிலும் ஒரு விஷயம் உண்டு. பெரிய எடைகள் தாமாகவே பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும். எஞ்சினின் சக்தி அந்த எடையைத் தூக்கினால்தான் பிரேக் விடும். சக்தி போனால் எடை விழும், கூண்டு நிற்கும். டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற பெரிய லாரிகளின் ஏர் பிரேக்கும் அதே புத்திதான்; காற்று போனால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். என் பிக்கப் தலைகீழ். மிதித்து அழுத்தம் கொடுத்தால்தான் நிற்கும். அழுத்தம் இல்லையென்றால் அதுபாட்டுக்குப் போகும். இப்படிப்பட்ட வண்டியில் ஏறுகிறவன் முதலில் பெடலைத் தட்டிக் கேட்க வேண்டாமா, பதில் வருகிறதா என்று?

"முப்பது வருஷம் அடிச்சேன்டா" என்றார். "ஒரு நாள் அடிக்காம அனுப்பினது இல்ல."

மேஸ்திரி ஒன்பது மணிக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். வலது காலிப்பரைக் கழற்றிப் பார்த்து, "வேல சுத்தமா இருக்குதே" என்றார். அந்தச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டலாம் என்றால் சுவர் இல்லை. பேடு மாற்றாத அன்றும் காலையில் ஏறி உட்கார்ந்ததும் மூன்று தடவை பெடலை மிதித்துப் பார்க்கிறேன் இப்போதெல்லாம். கோலி பையன்கள் இதற்கும் ஏதோ பேர் வைத்திருக்கிறார்கள்.

பானட் எழுத்தைச் சரிசெய்யப் போன வாரம் பெயின்டரைக் கூப்பிட்டேன். உரிந்த இடத்தைத் தேய்த்து, பூச்சுப் பூசிவிட்டு, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "துணைக்கு முன்னாடி இன்னா சார் எழுதணும்?"

நாற்காலியிலிருந்து நைனா சொன்னார்: "மேஸ்திரி பேர எழுதுப்பா."

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். தன் பேர் என் வண்டியில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.